நம்பிக்கைகளும் உண்மைகளும்: தெளிந்த ஓடையில் எலிக் கிருமி இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு லங்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். காஜாங், செராஸ், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எங்கிருந்தெல்லாமோ நம்மவர்கள் வந்து பத்து 18 என்ற இடத்திலிருந்து பங்சுன் கம்பம் வரைக்கும் மெதுவோட்டம் ஓடுகிறார்கள். ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறுபக்கம் காடு, இடையிடையே கம்பத்து வீடுகள். இதைவிட நல்ல ஓட்டப் பாதை கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம் இல்லை. யாரையும் ஓட வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஓட்டம் முடிந்த பிறகு நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காலணியைக் கழற்றுகிறார்கள். குதிகாலில் தோல் உரிந்திருக்கிறது, லாலாங் புல் கிழித்த கோடுகள் கணுக்காலில் சிவந்து கிடக்கின்றன. அதே காலோடு ஆற்றில் இறங்கி, தலையை முக்கி, தண்ணீரை அள்ளி வாய் கொப்பளிக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: "மலைத் தண்ணிதானே அண்ணே, அடி வரைக்கும் தெரியுது பாருங்க. எலி மூத்திர நோயெல்லாம் டவுன் கால்வாயிலதான் வரும்."

படித்தவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். இது பொய். ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

தண்ணீர் தெளிவாக இருந்தால் அதில் மண் குறைவு என்று அர்த்தம். கிருமி குறைவு என்று அர்த்தம் இல்லை. மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எலி மூத்திர நோய் என்கிற எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைராக் கிருமியைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால்கூடக் கண்ணுக்குப் பிடிபடாது. பின்னணியை இருட்டாக்கிக் காட்டும் நுண்ணோக்கி வேண்டும். அதில் பார்த்தால் நுனி கொக்கியாக வளைந்த மெல்லிய சுருள் ஒன்று தன் அச்சிலேயே சுழன்றுகொண்டிருக்கும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதை ஆற்றங்கரையில் நின்று வெறுங்கண்ணால் தேடி, 'தண்ணீர் சுத்தம்' என்று சான்றிதழ் கொடுக்கிறீர்களா?

காட்டில் அந்தக் கிருமி இல்லை என்பவர்கள் இந்த நாட்டின் ஆய்வுகளையாவது கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். மலாயாவில் இந்த நோய் 1925ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. மலேசிய ஆறு, ஓடை, ஈர மண் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த கிருமிகளைப் பற்றி 1975இல் வெளியான ஆய்வு ஒன்று 29 வகை லெப்டோஸ்பைராக்களை அடையாளம் கண்டது. அவற்றில் ஏராளமான வகைகள் கிடைத்த இடம் காடு. காரணம் எளிது. எலி மட்டும் இதைச் சுமப்பதில்லை. காட்டெலி, அணில், பன்றி, மாடு, நாய் என்று பல பிராணிகளின் சிறுநீரகத்தில் இது குடியிருக்கும். அவை கழிக்கும் சிறுநீர் மழையோடு ஓடையில்தான் வந்து சேரும். அதிலுள்ள கிருமி நன்னீரிலும் ஈர மண்ணிலும் வாரக் கணக்கில் உயிரோடிருக்கும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் சபாவைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு அங்கே நடந்த ஈக்கோ சேலஞ்ச் போட்டியில் 26 நாடுகளைச் சேர்ந்த 304 பேர் காட்டிலும் ஆற்றிலும் ஓடினார்கள், நீந்தினார்கள், துடுப்புப் போட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு பலருக்குக் காய்ச்சல். விசாரணையில் தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. நல்லவேளையாக ஒருவரும் சாகவில்லை. ஆனால் அவர்கள் நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்கள் இல்லை, உலகத் தரத்து வீரர்கள். உடற்கட்டு எந்தக் கிருமியையும் தடுக்கவில்லை.

பகாங்கில், லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் 2010இல் மூழ்கிய ஒருவரைத் தேடி இறங்கிய மீட்புப் பணியாளர்களிடையே எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயும் சேர்ந்து பரவி உயிர்களைப் பறித்தன. குடும்பத்தோடு குளிக்கப் போகும் இடம் அது. சந்தைக் கால்வாய் இல்லை. எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் மருத்துவர்கள் கட்டாயம் சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அதே ஆண்டு டிசம்பரில் வந்தது.

சரி, என்ன செய்வது? காய்ந்த, காயமில்லாத தோலை இந்தக் கிருமி எளிதில் துளைக்காது. புண், கண், மூக்கு, வாய், வெகுநேரம் ஊறி வெளுத்த தோல், இவைதான் வாசல். காலில் காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், இல்லையென்றால் கரையிலேயே உட்காருங்கள். தலையை முக்காதீர்கள், தண்ணீரை வாயில் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, காலணியை வெயிலில் காய வையுங்கள். உலர்ந்த இடத்தில் இந்தக் கிருமி பிழைக்காது. முன்கூட்டியே நிலவேம்புக் கசாயம் குடித்தால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு: எந்தக் கசாயமும் குதிகால் புண்ணை அடைக்காது.

அடுத்ததுதான் இதைவிட முக்கியம். ஆற்றில் இறங்கியபின் 2 முதல் 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, தொட்டாலே வலிக்கும் கெண்டைக்கால் என்று வந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். இந்த ஊரில் காய்ச்சல் என்றாலே முதலில் டிங்கியைத்தான் நினைப்பார்கள். ரத்தத்தட்டுகள் இரண்டு நோயிலும் குறையும். 'காட்டாற்றில் இறங்கினேன்' என்று நீங்களாகச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டத்தால் வந்த தசைவலி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதல் சில நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்ததையும் கையில் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். காத்திருந்தவர்களுக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரலில் ரத்தக்கசிவும் வரலாம். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கே அடங்கிவிடும் நோய் இது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அட்டை கடித்தால் விஷம் ஏறாது. ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கசிவு நிற்க நேரமாகும், அவ்வளவுதான். உப்புப் போடாமல், நெருப்பு வைக்காமல் நகத்தால் நெம்பி எடுங்கள். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்பதும் தவறு. அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்தே இருப்பவர்களைவிடக் குறைவு. விடியுமுன் மரத்தடியில் ஓடினால் கரியமில வாயு மூச்சடைக்கும் என்பதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. திறந்த வெளியில் அது ஒன்றும் செய்யாது. இங்கே மழை இல்லையே என்று ஆற்றில் உட்கார்ந்திருப்பது மட்டும் உண்மையிலேயே ஆபத்து. மேலே மலையில் பெய்தால் போதும், 'கெப்பாலா ஆயர்' என்ற திடீர் வெள்ளம் சில நிமிடத்தில் வந்து அடித்துக்கொண்டு போகும். நீர் திடீரென்று கலங்கி இலை தழைகளைக் கொண்டுவந்தால் எதையும் எடுக்க நிற்காமல் மேடேறுங்கள்.

இந்த ஊர்க்காரர்கள் காட்டில் ஓடுவது புதிதும் இல்லை. 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' ஓட்டக் குழு 1938இல் கோலாலம்பூரில்தான் பிறந்தது. இன்று அது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. காட்டை ஒட்டி ஓடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

ஆனால் குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். இதைச் சொல்லாமல் நான் முடிக்கப் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் அந்த ஆற்றங்கரை எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நாசி லெமாக் பொட்டலம், கோழி எலும்பு, குழம்பு ஒட்டிய பிளாஸ்டிக் பை, பாதி தின்ற வடை. காட்டு எலிக்கு நாம் வாராவாரம் பந்தி போடுகிறோம். பெருகிய எலி அதே கரையில்தான் சிறுநீர் கழிக்கும். சங்கங்களும் ஆலயங்களும் நடத்தும் குடும்ப தினங்களும் நெடுந்தூர ஓட்டங்களும் இந்தக் கரைகளில் நடக்கின்றன. சட்டைக்கும் பதக்கத்துக்கும் பணம் ஒதுக்குகிற ஏற்பாட்டாளர்கள் மூடியுள்ள குப்பைத் தொட்டிக்கும், மாலையில் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகவும் ஒதுக்கட்டும். பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'ஓட்டத்துக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லவும்.' அந்த வரியை அச்சடிக்கக் கூடுதலாக ஒரு சென் செலவாகாது.