வீட்டுப் பழைய படங்களும் கையிலுள்ள கமராவும்



புத்தூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். சுவாமிப் படத்தின் கீழே ஒரு றங்குப் பெட்டி. அதற்குள்ளே காணி உறுதி, விவாகப் பதிவுத் துண்டு, அவற்றிற்கும் அடியில் ஒரு கடித உறையிலே ஏழெட்டுப் பழைய படங்கள். ஒன்று ஆச்சியின் கலியாணப் படம். இன்னொன்று 1962 இல் எடுத்த ஞானஸ்நானப் படம். மூன்றாவது, வெள்ளை உடுப்போடு முதல் நன்மை எடுத்த பிள்ளைகளின் வரிசை. மூலைகள் கறையான் தின்றவை. நடுவிலே ஒரு மடிப்புக் கோடு.

ஏன் ஏழெட்டுத்தான்? யாழ்ப்பாணத்தாருக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கைக்கு அகப்பட்டதைத்தான் கொண்டு போக முடிந்தது. உறுதியும் நகையும் பையிலே போயின. பல வீடுகளில் அல்பம் பின்னே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது சிலருக்குக் கூரையும் இல்லை, படமும் இல்லை.

அதே வீட்டில் இன்று பேரப்பிள்ளையின் கையில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலே நல்ல கமராவும் உண்டு. படம் பிடிக்கக் கற்க வேண்டுமென்ற ஆசையும் பிள்ளைக்கு உண்டு. பூவையும் பூனையையும் அந்தி வானத்தையும் பிடித்துப் பழகுவது பிழையன்று. ஆனால் முதற் பாடத்தை ஆச்சியின் பெட்டியிலிருந்து தொடங்குங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். பழைய படம் ஆடாது, அசையாது. நமக்கு வேண்டியபடி வெளிச்சத்தை அமைத்துக் கொள்ளலாம். நாம் எடுத்த பிரதியை மூலத்தோடு பக்கத்திலே வைத்து, எங்கே பிழைத்தோம் என்று உடனே கண்டு கொள்ளலாம். இதைவிட நல்ல பயிற்சி ஒரு தொடக்கக்காரருக்குக் கிடையாது.

டிஜிட்டல் படம் என்பது என்ன?

1957 ஆம் ஆண்டு, அமெரிக்கத் தேசிய தர நிர்ணயப் பணியகத்தில் ரசல் கேர்ஷ் என்பவர், படத்தைக் கணினிக்குள் செலுத்த ஒரு கருவி செய்தார். அதிலே அவர் வைத்த படம் எது தெரியுமா? மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகனின் சிறு படம். ஆகவே, கணினிக்குள் முதன்முதலாகப் புகுந்த நிழற்படமே ஒரு வீட்டுப் படத்தின் பிரதிதான். இன்று நாம் செய்யப் போவதும் அதுவே.

அந்தப் படம் நீளத்தில் 176, அகலத்தில் 176 கட்டங்களைக் கொண்டது. பனையோலைப் பாயை நினைத்துப் பாருங்கள். கிட்டப் பார்த்தால் சிறு சிறு சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம். தள்ளி நின்று பார்த்தால் பூவும் கிளியும் தோன்றும். டிஜிட்டல் படமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சமும் ஓர் எண்ணாகப் பதிவாகும். வழக்கமான படத்தில் 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை.

1975 இல் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவ் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமராவிற் கட்டங்கள் 10,000 மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடிகள் எடுத்தன. இன்று 12 மெகாபிக்சல் கமரா ஒன்று ஒரு கோடியே இருபது இலட்சம் கட்டங்களை ஒரு நொடிப் பொழுதிற் பதிகின்றது. சிறு குடும்பப் படத்தைப் பிரதி செய்ய அது தாராளமாகப் போதும். விலை கூடிய கமரா இல்லையே என்று யாரும் பின்னிற்க வேண்டாம்.

வெளிச்சமே முதல் ஆசிரியர்

காலை எட்டு ஒன்பது மணியளவில் விறாந்தைக்கு வாருங்கள். நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடமே வேண்டியது. சிறு மேசையிலே கறுப்புத் துணி விரித்துப் படத்தை வையுங்கள். கமராவின் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி எல்லாப் படத்தையும் பனி மூடியதுபோற் காட்டும்.

பிளாஷ் விளக்கை நிறுத்திவிடுங்கள். மினுக்கத் தாளிலே அதன் ஒளி தெறித்து, ஒருவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும்.

தொலைபேசி படத்திற்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சரிந்தால் நீள்சதுரப் படம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும். மிகக் கிட்டவும் போகாதீர்கள், ஓரங்கள் வளையும். ஓரடிக்குச் சற்று மேலே நின்று எடுத்து, வேண்டாத ஓரத்தைப் பின்னர் வெட்டலாம். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேலே தொலைபேசியைப் பாலம்போல் வைத்தால் கை நடுங்காது. இரண்டு விநாடி தாமதித்து எடுக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

பின்னர், திரையிலே முகம் தெரியும் இடத்தை விரலால் தொடுங்கள். கமரா அவ்விடத்தைத் தெளிவாக்கும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுப்பதே நல்லது. ஏனெனில் இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம். 255 ஐத் தொட்டு வெளுத்துப் போன கட்டத்தில் மீட்பதற்கு ஒன்றுமே இராது. ஆச்சியின் கூறைச் சேலைக் கரை அப்படி வெளுத்துவிட்டால், எந்த வித்தையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதை வெளியிலும் பழகலாம். புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றடிக்கு நடுப்பகலிற் போய் ஒரு படம் எடுங்கள். மேலே வெயில் பட்ட சுவர்; கீழே நிழல் விழுந்த நீர். சுவரைத் தொட்டு எடுத்தால் நீர் கறுக்கும். நீரைத் தொட்டு எடுத்தால் சுவர் வெளுக்கும். இரண்டையும் நம் கண் ஒருங்கே காண்கின்றது. கமராவிற்கு அது எளிதன்று. எது முக்கியம் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். படம் பிடித்தல் என்பது பெரும்பாலும் அந்தத் தீர்மானந்தான்.

மூலப் படங்களைக் கையாளும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. ஓரத்திலே பிடியுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கிழிந்த இடத்திற்குப் பசை நாடா ஒட்டாதீர்கள். அல்பத் தாளோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயலாமல், தாளோடு சேர்த்தே எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்தையும் எடுக்க மறவாதீர்கள். ஸ்ரூடியோ முத்திரையும், பென்சிலால் எழுதிய ஒரு பெயரும் அங்கேதான் இருக்கும்.

திருத்துதல்: எங்கே தொடங்கி எங்கே நிற்பது?

முதல் விதி: மூலப் பிரதியிற் கை வைக்காதீர்கள். இன்னொரு பிரதி எடுத்து, புதுப் பெயரிட்டு, அதையே திருத்துங்கள். ஜேபெக் என்ற வகைப் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கங்களிற் கொஞ்சம் குறையும் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

படத் திருத்தத்திற்குப் பேர்பெற்ற போட்டோஷொப்பை நோல் சகோதரர்கள் உருவாக்க, அது 1990 இல் வெளிவந்தது. அதைப் பணங் கொடுத்தே பெற வேண்டும். தொடக்கக்காரருக்குத் தொலைபேசியில் ஸ்னாப்சீட், கணினியில் கிம்ப் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, போதுமானவை.

வேலையை இந்த ஒழுங்கிற் செய்யுங்கள். முதலிற் சரிவை நிமிர்த்தி ஓரத்தை வெட்டுங்கள். அடுத்து வெளிச்சத்தையும், கறுப்பு வெள்ளை வேறுபாட்டையும் சீராக்குங்கள். மூன்றாவது நிறம். 1970 களிலும் 1980 களிலும் எடுத்த வர்ணப் படங்கள் பல இன்று செந்நிறமேறிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். தாளிலிருந்த மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முந்தி மங்கியதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சிவப்பைச் சிறிது குறைத்தால் முகங்கள் இயல்புக்கு வரும். கடைசியாகத்தான் கீறலும் புள்ளியும். கீறலை அழிக்கும் கருவி, பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து இடைவெளியை நிரப்புகின்றது. சுவரிலும் திரைச்சீலையிலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் கிட்ட வந்தால் நில்லுங்கள்.

நம்மூர்க் கிணற்றுப் பாடம் இங்கே உதவும். சுண்ணக்கற் பாறைக்குள்ளே மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நிலாவரையிலும் அப்படித்தான். அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். அளவு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். படத் திருத்தமும் அவ்வாறே. ஒவ்வொரு கோலையும் கொஞ்சம் நகர்த்தினால் மறைந்திருந்தது தெரியும். மிஞ்சி நகர்த்தினால் இருண்ட இடமெல்லாம் மணல்போற் பொரிந்து, இல்லாததெல்லாம் தோன்றும்.

இல்லாத முகம்

இக்காலத்தில் இன்னொரு சோதனையும் வந்திருக்கின்றது. மங்கிய முகத்தை ஒரே தொடுகையிற் பளிச்சென்று ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பல உண்டு. அவை அழிந்த கண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது. எண்ணற்ற பிற மனிதரின் முகங்களைப் பார்த்துப் பழகி, இப்படி ஒரு கண் இருந்திருக்கலாம் என்று புதிதாக வரைந்து வைக்கின்றன. படம் அழகாயிருக்கும். ஆனால் ஆச்சியிடம் காட்டினால், “இது ஆர் மோனை?” என்று கேட்கக் கூடும்.

இது சிறு விடயமன்று. அந்த ஞானஸ்நானப் படத்திலே குழந்தையைத் தூக்கி நிற்கும் தாய்க்கு வேறு படமே இல்லையென்று வையுங்கள். இன்று நீங்கள் வைத்துவிடும் முகந்தான் நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் முகம். மடிப்புக் கோடு விழுந்த உண்மை முகம் மேலானதா, மாசற்ற அந்நியர் முகம் மேலானதா? ஆசைக்கு அவ்வாறு செய்தாலும், “இயந்திரம் வரைந்தது” என்று பெயரிலேயே குறித்து, மூலத்தை வேறாக வையுங்கள். இறந்தவரைப் பற்றியும் பொய் சொல்லலாகாது.

பெயரில்லாப் படம் பாதிப் படம்

எந்தக் கமராவும் பிடிக்க முடியாத ஒன்று, படத்திலுள்ளவர்களின் பெயர். அது வயோதிபரின் நினைவில் மட்டுமே இருக்கின்றது. ஆகவே பிரதி எடுத்த அன்றே ஆச்சியின் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தாலும் நல்லது. படக் கோப்பிற்கும் “1962, ஞானஸ்நானம், புத்தூர், மூலம்” என்றாற்போற் பெயரிடுங்கள். ஆண்டு நிச்சயமில்லையெனில் “அண்ணளவாக” என்று சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் வையாதீர்கள்

1981 இல், மே 31 இரவுக்கும் யூன் 1 க்கும் இடையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நம்மைப்போல் அறிந்தவர் யார்? 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதி செய்து வருவது இந்த அறிவினாலேதான் பயனுடையதாகின்றது. தமிழ்நாட்டிலும் பழைய ஸ்ரூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவித் திட்டத்தின் கீழ் இவ்வாறு பிரதி செய்துள்ளது.

வீட்டிற்கும் அதே விதிதான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். தொலைபேசியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, ரொறன்ரோவிலோ பரிசிலோ இருக்கும் மாமாவிடம் ஒன்று. வட்ஸ்அப்பிற் சாதாரணமாக அனுப்பினாற் படம் சுருங்கும். கோப்பாக, அதாவது ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புங்கள். உயிரோடிருப்பவர் படத்தை ஊரெல்லாம் பரப்புமுன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

இவ்வாரப் பயிற்சி

1. வீட்டிலுள்ள பழைய படங்களில் மூன்றைத் தெரிந்து, முன்னும் பின்னும் பிரதி செய்க.

2. ஒன்றைமட்டும் திருத்துக. மூலத்தைப் பக்கத்தில் வைத்து, கூட்டியது எது, குறைத்தது எது என்று எழுதுக.

3. மூன்று படங்களிலுமுள்ளவர்களின் பெயர்களை வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதுக. யாருக்கும் தெரியாத முகம் ஒன்று இருந்தால், அதன் பிரதியை உறவினருக்கு அனுப்பி விசாரிக்க.

மூன்றாவது பயிற்சியை ஒத்தி வைக்காதீர்கள். முதலிரண்டையும் அடுத்த ஆண்டிலும் செய்யலாம். ஆச்சிக்கு இன்று நினைவிருக்கின்றது. இன்றைக்கே அவர் பக்கத்தில் இருங்கள்.