பழைய ரேடியேட்டருக்குப் புதிய வாழ்வு

இங்கிலாந்தில் பல வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருப்பது வெந்நீர்தான். கொதிகலனில் எரிவாயு எரிகிறது. அங்கே சூடான நீரைப் பம்ப் ஒன்று குழாய் வழியே அறைதோறும் தள்ளுகிறது. அறைச் சுவரில் தட்டையான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதுவே ரேடியேட்டர். லாரியின் ரேடியேட்டர் எஞ்சினின் வெப்பத்தை வெளியேற்றுவதுபோல, இது நீரின் வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. ஆறிய நீர் மீண்டும் கொதிகலனுக்குத் திரும்பும்.

1970-களில் அமைத்த குழாய்களும் ரேடியேட்டர்களும் பல வீடுகளில் இன்றும் உள்ளன. எரிவாயுச் செலவு ஏறினால், அனைத்தையும் பிடுங்கி எறிய வேண்டுமா?

முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேற்புறம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே வாயு தங்கியுள்ளது. சிறு திருகைத் திறந்தால் 'உஸ்' என்று வெளியேறிவிடும். அடிப்புறம் குளிர்ந்திருந்தால் கறுப்புச் சேறு படிந்துள்ளது என்று பொருள். இரும்பு நீருடன் வினைபுரிந்து உண்டாகும் மாக்னடைட் அது, காந்தத்தில் ஒட்டும். அதனால், குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்திச் சேற்றைப் பிடிக்கிறார்கள். அதே வினையில் ஹைட்ரஜனும் வெளிவருகிறது. மேலே தங்கிய வாயு வெறும் காற்றாகவே இருக்க வேண்டியதில்லை!

இனிதான் முக்கியமான செய்தி. 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 36 கிராம் நீர் உண்டாகிறது. அது ஆவியாகப் புகைபோக்கி வழியே போய்விட்டால், அதன் உள்ளுறை வெப்பமும் வீணாகிறது. கணக்கிட்டால், எரிபொருள் தந்த வெப்பத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு! இந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கொதிகலன்களையே, சில விலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்த வேண்டும் என்பது அங்கே 2005 முதல் விதி. ஆனால் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55° செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். புதுக் கொதிகலனை வாங்கிவிட்டு, பழைய வழக்கப்படி நீரை 80°-இல் அனுப்பினால் அது 60°-இல் திரும்பும். கொடுத்த காசு புகையோடு போகும்.

நீரை 55°-இல் அனுப்பி 45°-இல் திரும்பச் செய்தால் பழைய ரேடியேட்டர் போதுமா? அறை 20° என்க. முன்பு நீரின் சராசரி 70°, வேறுபாடு 50°. இப்போது சராசரி 50°. வேறுபாடு 30° மட்டுமே. ரேடியேட்டர் தரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அந்த ரேடியேட்டர், வெளியே 0° ஆக உள்ள நாளுக்காக அமைத்தது அன்றோ? வெளியே 10° உள்ள நாளில் வீடு இழக்கும் வெப்பமும் பாதிதான்! ஆகவே அன்றைக்கு அதுவே போதும். கடுங்குளிர் நாளில் மட்டும் சூட்டை ஏற்றினால் சரி. வெளிச்சுவரில் வைக்கும் உணர்கருவி இதைத் தானே செய்துவிடும்.

கூரையின் அடியில் கண்ணாடிக் கம்பளி விரித்து வெப்ப இழப்பைக் குறைத்தால், கடுங்குளிரிலும் சூட்டை அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. என் கணிப்பில், பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் கூரைதான். ஆளில்லாத அறைக்கு, மெழுகு விரிந்து நீரை அடைக்கும் தானியங்கி வால்வு உண்டு.

ஒரு எச்சரிக்கை: குளிக்கும் வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடுகளில், அந்த நீரை மட்டும் 60°-க்குச் சூடாக்க வேண்டும். இல்லையேல் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி அதில் வளரக்கூடும்.

பின்னாளில் கொதிகலன் பழுதானால், மின்சாரத்தால் இயங்கும் வெப்ப எக்கியை அவ்விடத்தில் வைக்கலாம். அதுவும் மிதமான சூட்டு நீரிலேயே சிக்கனமாக இயங்கும். 55° நீரில் குளிர்காலத்தைக் கடந்த வீட்டில், பெரும்பாலான பழைய ரேடியேட்டர்கள் அப்போதும் சுவரிலேயே இருக்கலாம்.