விட்டுப் போனவர் முட்டாளா?

அன்பு மாப்பிள்ளைக்கு,

கிறிஸ் போர்லண்ட் வீடியோவை அனுப்பி, “வயசு 24, கை நிறையப் பணம், ஒரே சீசன் ஆடிட்டு விட்டுட்டுப் போயிருக்கான். லூசா மாமா இவன்?” என்று கேட்டிருந்தாய். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தையில் சொன்னால் நீ விடமாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் அவர் பார்த்த வேலை என்ன என்று தெரிந்துகொள்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் எல்லார் கண்ணும் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மேல்தான் இருக்கும். லைன்பேக்கர் அவரைத் தடுக்க வந்த அணியைச் சேர்ந்தவர். தடுக்கும் அணியின் முன்வரிசையில் மலை மலையாக ஆட்கள் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நாலைந்து கஜம் பின்னால், முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நிற்பவர்தான் லைன்பேக்கர். எதிரணி ஆள் பந்தோடு ஓடிவந்தால் மோதிச் சாய்க்க வேண்டும். பந்தை எறியப் போகிறார்கள் என்றால் பின்வாங்கி வழியை அடைக்க வேண்டும். எது நடக்கப் போகிறது என்று முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடைக்காது. நடு லைன்பேக்கர் என்றால், பக்கத்தில் நிற்பவர்களைக் கத்திக் கத்தி இடம் மாற்றி நிறுத்துகிற பொறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதில் பந்தைப் பார்த்து ஆடுபவன் ஏமாந்துபோவான். பந்தை ஒருவனிடம் கொடுப்பதுபோல் பாவலா காட்டி இன்னொரு பக்கம் எறிவதுதான் எதிரணியின் பிழைப்பே. நல்ல லைன்பேக்கர் பார்ப்பது எதிரே குனிந்து நிற்கும் கார்டை, அதாவது எதிரணியின் முன்வரிசை ஆளை. தரையில் ஊன்றிய அவன் கையில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தால் உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்திருக்கிறது, ஓட்டம் வரலாம். பாரம் குதிகாலுக்குப் போயிருந்தால் எறியப் போகிறார்கள். பந்து நகர்ந்ததும் கார்டு வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால், பெரும்பாலும் அவன் போகிற பக்கம்தான் பந்தும் போகும். கபடியில் கார்னரில் நிற்பவன் ரெய்டரின் கையை விட்டுவிட்டுக் காலையே பார்ப்பானே, அந்தப் பார்வை. ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவை இப்படிக் கணிக்க வேண்டும். கணிப்பு சரியாக இருந்தால் கிடைக்கும் பரிசு, நூறு கிலோ ஆள் ஒருவனோடு ஒரு மோதல்.

இனி போர்லண்ட். ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டிய கெட்டரிங் அவர் ஊர். உயரம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. லைன்பேக்கருக்கு அது குட்டை என்பார்கள். 2009-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணிக்காக ஆட ஆரம்பித்தார். அந்த ஆண்டே, அந்தப் பல்கலைக்கழகம் ஆடும் பிக் டென் பிரிவின் சிறந்த புதுமுகம் என்று பெயர். அடுத்த ஆண்டு தோள்பட்டைக் காயம். இரண்டு ஆட்டத்தோடு சரி. கல்லூரி ஆட்டக்காரர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்று அப்போது ஒரு கணக்கு இருந்தது, அதனால் அந்த ஆண்டு வீணாகவில்லை. 2011-ல் திரும்பி வந்து 143 டேக்கிள், அதாவது பந்தோடு வந்தவனைப் பிடித்துச் சாய்த்தது. 2013-ல் பிக் டென் பிரிவின் சிறந்த தடுப்பாட்டக்காரர். ஓடுபவன் கையிலிருந்து பந்தைத் தட்டிவிடுவதில் ஆள் கில்லாடி. கல்லூரியில் மட்டும் 15 தடவை அப்படித் தட்டியிருக்கிறார். அவர் காலத்தில் விஸ்கான்சின் ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டத்துக்கு அடுத்தடுத்து மூன்று தடவை போனது, மூன்றிலும் தோற்றது. முதலாவதின்போது அவர் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

விஸ்கான்சின் அணி ஆடுவது மேடிசன் நகரில் உள்ள கேம்ப் ராண்டல் மைதானத்தில். போர்லண்ட் ஆடிய காலத்தில் அங்கே 80,000 பேர் உட்காரலாம். டிக்கெட், டிவி எல்லாம் சேர்த்துக் கோடிக்கணக்கான டாலர் புரளும் ஆட்டம் அது. ஆடிய பையன்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது ஸ்காலர்ஷிப், அதாவது படிப்பு, தங்க இடம், சாப்பாடு. சம்பளம் கிடையாது. 2021 ஜூலையில்தான் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்க அனுமதி வந்தது. கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுப்பது 2025-ல் தொடங்கியது. இவ்வளவு நாள் இழுத்தது அநியாயம் என்பது என் கட்சி. கல்லூரியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்குக்குப் போவதில்லை. மிச்சப் பேர் உடம்பை அடிபடக் கொடுத்துவிட்டு, பட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். போர்லண்டின் பட்டம் வரலாற்றில். அதை மறந்துவிடாதே.

அவர் அந்த இரண்டு பேரில் ஒருவர். 2014-ல் என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 77-வது ஆளாக அவரை சான் ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸ் எடுத்தது. நாலு வருஷ ஒப்பந்தம், மொத்தம் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். கையெழுத்துப் போட்டதற்கான போனஸ் மட்டும் 6,17,436 டாலர். அணியின் நட்சத்திர லைன்பேக்கர்கள் நவாரோ போமன், பாட்ரிக் வில்லிஸ் இருவருக்கும் காயம் என்பதால் புதுப்பையனுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் நின்றுகாட்டினார். நவம்பர் 16-ஆம் தேதி நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் 49யர்ஸ் 16–10 என்று முன்னணியில் இருக்கிறது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஜயன்ட்ஸ் கோல் கோட்டருகே வந்துவிட்டது. அப்போது எறிந்த பந்தை, கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள எண்ட் ஸோனில் போர்லண்ட் பிடித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் அவர் பிடித்த இரண்டாவது பந்து அது. அதோடு ஜயன்ட்ஸ் கதை முடிந்தது.

ஊரே கைதட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. சீசனுக்கு முந்தைய பயிற்சியில் ஒருநாள் தலையில் அடி. கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்றே அவருக்குத் தோன்றியது. ஆனால் அணியில் இடம் பிடிக்க வேண்டிய நேரம். வாயைத் திறக்காமல் ஆடிவிட்டார். ‘என்ன செய்துகொண்டிருக்கிறேன்?’ என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது. முன்னோட்ட ஆட்டங்கள் முடிந்த கையோடு பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார்: தலைக்காயம் பற்றிய கவலையால் என் ஆட்ட வாழ்க்கை நீளமாக இருக்காது என்று. முதல் சீசன் தொடங்கும் முன்பே எழுதிய கடிதம் அது. புகழ் வந்த பிறகு பயந்து ஓடினார் என்று வீடியோவில் சொல்கிறானே, அது தப்பு.

என்ன பயம் என்று கேட்பாய். சி.டி.இ. என்றொரு மூளைச் சிதைவு. மயங்கி விழும் பெரிய அடிதான் காரணம் என்றில்லை. ஒன்றும் ஆகாததுபோல் எழுந்து போகிற சின்னச் சின்ன மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைக் கெடுக்கின்றன. மறதி, எரிச்சல், மனச்சோர்வு என்று பல வருஷம் கழித்து வெளியே தெரியும். உறுதியாகக் கண்டுபிடிப்பது இறந்த பிறகு, மூளையை வெட்டிப் பார்த்துத்தான். 2002-ல் பிட்ஸ்பர்க்கில் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர், மைக் வெப்ஸ்டர் என்ற பழைய ஃபுட்பால் வீரரின் மூளையில் இதைப் பார்த்தார். 2012-ல் ஜூனியர் சேயாவ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 43. அவர் மூளையிலும் அதே நோய். சேயாவ் யார் தெரியுமா? ஒரு தலைமுறையே கொண்டாடிய லைன்பேக்கர்.

போர்லண்ட் ஆராய்ச்சியாளர்களிடம் பேசினார், பழைய ஆட்டக்காரர்களிடம் விசாரித்தார். 2015 மார்ச்சில், டாக்டர் யாரும் ‘ஆடாதே’ என்று சொல்லாத நிலையிலேயே, விலகுவதாக அறிவித்தார். போனஸில் முக்கால் பங்கைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. நம் பணத்தில், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 3 கோடி ரூபாய்.

ஆடிக்கொண்டே இருப்பவர்களை நான் முட்டாள் என்று சொல்ல வரவில்லை. ஊரில் ஒரு குடும்பமே கையை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, வேறு படிப்பும் இல்லாதபோது, 22 வயதுப் பையன் விட்டுவிட்டு எங்கே போவான்? போர்லண்ட் கையில் பட்டம் இருந்தது, பின்னால் தாங்கிப் பிடிக்க வீடு இருந்தது. அவர் துணிச்சலில் பாதி அங்கிருந்து வந்தது என்பதுதான் என் எண்ணம். அப்படி எல்லாம் இருந்தும் விடமுடியாதவர்கள் ஆயிரம் பேர். பாஸ்டன் கல்லூரியில் ஒரே சீசனில் 191 டேக்கிள் போட்ட லைன்பேக்கர் லூக் கீக்லி, கன்கஷன்களால் அவதிப்பட்டு 28 வயதில் ஆட்டத்தை விட்டார். அதற்கு 2020 வரை ஆனது.

போர்லண்ட் முட்டாள் இல்லை மாப்பிள்ளை.  என்ன விலை கேட்கிறார்கள் என்று விசாரித்தார், அது தனக்குக் கட்டாது என்று முடிவுசெய்தார். அவ்வளவுதான்.

அந்த ஜயன்ட்ஸ் ஆட்டம் கிடைத்தால் ஒரு பத்து நிமிஷம் பார். பந்தை விட்டுவிடு. 50-ஆம் எண் சட்டையையும், அவருக்கு எதிரே குனிந்திருக்கும் கார்டின் கையையும் மட்டும் பார். எத்தனை தடவை உன் கணிப்பு சரியாக வந்தது என்று எழுது. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் மாமா