புகாரைக் கொண்டது கடல் மட்டுமா?

பூம்புகார் என்றவுடன் கடல்கோள் நம் நினைவில் எழுகின்றது. இந்திரவிழா மறக்கப்பட்டமையால் ஊரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். அறம் உரைக்க வந்த காப்பியத்தின் கூற்று அது. அந்நோக்கிலேயே அதனைக் கொள்ளுதல் முறை. நிலநூல் கண்கொண்டு அக்கரையில் நின்று நோக்கின், ஊரின் வாழ்விலும் வீழ்விலும் ஆற்றுக்கும் பங்குண்டு என்பது புலனாகும். அதனை மாணவர்க்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

கடற்கரை நிலையான எல்லைக்கோடு அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், நீரின் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்திருந்தமையால், கடல்மட்டம் இன்றைக்குக் காட்டிலும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்து, 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அதன்பின் கரையை வளர்க்கும் பணி ஆறுகளுக்கு உரியதாயிற்று. குடகில் தோன்றும் காவிரி சுமந்துவரும் வண்டல், கடலை அடைந்து வேகம் குன்றியவுடன் படிகின்றது. இவ்வாறு படிந்த மண்ணே சோழவளநாட்டின் நெல்வயல்கள்.

ஆறு தரும் மண்ணை அலை அரித்துச் செல்லும். மேலும், படிந்த வண்டல் காலப்போக்கில் இறுகித் தாழும். ஆகவே புதுமண் வந்துகொண்டே இருத்தல் வேண்டும். வரவு மிகின் கரை வளரும். செலவு மிகின் தேயும். கரைநெடுக மணலை நகர்த்தும் நீரோட்டமும் உண்டு. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதும் கணக்கிடின், மணல் மிகுதியும் வடக்கு நோக்கியே செல்கின்றது. 1876இல் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை அரிப்புண்டது.

இனிப் புகாருக்கு வருவோம். பெருங்கலங்கள் பாய் களையாமலே புகாரின் ஆற்றுமுகத்துள் புகுந்தன என்னும் பொருள்பட அமைந்துள்ளது புறநானூற்றின் 30ஆம் பாடல். அத்துணை ஆழமும் அகலமும் உடையதாய் இருந்தது அவ்வாய். 1962-63இல் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் அகழ்ந்தபோது, மரத்தூண்களோடு கூடிய செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு. கலம் கட்டிய துறை இன்று தரையில் உள்ளது. மாறாக, மக்கள் நீர் முகந்த உறைகிணறுகள் கடலோர அலைவாய்ப் பகுதியில் காணப்பெற்றன. ஆறு விலகியமைக்கு முன்னது சான்று. கடல் ஏறியமைக்குப் பின்னது சான்று. ஓர் ஊரிலேயே இரண்டும் நிகழ்ந்துள்ளன. சிலம்பு கூறும் மருவூர்ப்பாக்கம் கடலை ஒட்டியது. கரை தேயுங்கால் முதலில் அழிவது அத்தகைய பகுதியே அன்றோ!

பிற துறைகளும் இவ்வுண்மையை வலியுறுத்தும். தாமிரபரணியின் வண்டலால் கொற்கையை விட்டுக் கடல் விலகிற்று. பின்னர் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதும் மார்க்கோ போலோ குறிப்பிடுவதுமாகிய காயல் துறைக்கும் அதே நிலை நேர்ந்தது. புகாருக்குத் தெற்கே தரங்கம்பாடியிலோ, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துவிட்டது. துறையை இழந்த ஊர்கள் அனைத்தையும் கடல் விழுங்கிற்று என்பது பொருந்தாது. சிலவற்றை மண்ணே மூடியது.

இன்று காவிரியின் வெள்ளம் பெரிதும் கொள்ளிடத்தின் வழியே கடலை அடைகின்றது. எஞ்சிய நீர் கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து வயல்களுக்குச் செல்ல, புகாரில் கடலைச் சேர்வது ஒடுங்கிய ஓடையே. 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணை நமக்குச் சோறிடும் அணை. அதனை நாம் குறைகூற இயலாது. எனினும் நீரோடு வரவேண்டிய வண்டலும் அங்கே தங்கிவிடுகின்றது. ஆற்றுமணலை வரம்பின்றி அள்ளுவதும் கரையின் வரவைக் குறைப்பதே ஆகும். கற்சுவர் எழுப்பின் அவ்விடம் காக்கப்படலாம். அரிப்போ அடுத்த குப்பத்திற்கு நகரும். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இக்கரையோர மக்கள் பட்ட துயரை நாம் மறத்தற்கில்லை. கரை மெலியுந்தோறும் அத்தகைய பேரலைக்கும் புயலுக்கும் முன்நிற்போர் மீனவரும் கடலோரச் சிற்றூராருமே.

கடலோடி வாணிகம் செய்த முன்னோரின் வழிவந்த பெரியோர் பலர் நம்மிடையே உள்ளனர். தம் இளமையில் கரை எங்கிருந்தது, முகத்துவாரம் எவ்வாறிருந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். மாணவர்கள் அவர்களை அணுகிக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். புகாரின் பழைய கரையை நாம் இன்று அறிவது, அன்றைய புலவர் பாடி வைத்தமையால் அன்றோ!