இடுப்பு வலி: ஒளிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக வழங்கி வருகிறது. ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. முறை வந்த நாளில் வலைக்குச் செல்லாவிடில் அன்றைய வருவாய் போயிற்று. ஆதலின், இடுப்பு வலி கண்டவரும் அதனைப் பொறுத்துக்கொண்டே வலை இழுக்கின்றனர். ஆழமற்ற நீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் மகளிரின் உழைப்பும் முதுகை வருத்துவதே. நாற்று நடும் உழவர் இதனை நன்கு அறிவர்.

வலி முற்றியபின், கடன் வாங்கியேனும் நகரத்திற்குச் சென்று 'லேசர்' ஒளி வைத்துக்கொண்டால் தீரும் என்று எண்ணுவோர் உளர். அவ்வொளி செய்வது யாது, செய்யாதது யாது என்று நாம் அறிந்துகொள்வது நன்று.

வலியின் காரணம்

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுக்கள் உள்ளன. அவற்றின் வெளிப்புறம் உறுதியான நார். உட்புறம் கூழ் போன்ற பொருள். குனிந்தபடி பளுத் தூக்கும்போது இடுப்பின் கீழ்த் தட்டுக்கள் மீது பாரம் மிகுகிறது. நார் தளர்ந்தால் தட்டு பிதுங்கி நரம்பை உறுத்தும். வலி கால்வரை இறங்கும். ஆயினும், பெரும்பாலோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய பகுதி தானே சுருங்குவதும் உண்டு.

ஒளியின் எல்லை

ஒளியால் நோய் தீர்ப்பது புதிதன்று. டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் ஃபின்சன், தோலைப் பற்றும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்டு 1903-இல் நோபல் பரிசு பெற்றார். 1960-களின் பிற்பகுதியில் புடாபெஸ்ட் நகரின் எண்ட்ரே மெஸ்டர் செய்த ஆய்வுகளிலிருந்து, குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை வளர்ந்தது. இவ்வொளி வலியைச் சிறிது தணிக்கக் கூடும். ஆனால் தோலையும் தசையையும் கடக்கக் கடக்க ஒளி மங்கும்; பிதுங்கிய தட்டை மீண்டும் இடத்தில் வைக்க அதனால் இயலாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை, நாட்பட்ட இடுப்பு வலிக்கு லேசரையும் ஒரு வழியாகக் கூறிற்று. எனினும், உடற்பயிற்சிக்கே அதனினும் வலுவான சான்று உண்டென்று குறித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. எனவே, ஒளி துணையாகலாம், முதலாகாது. அதற்கெனக் கடன்படுதல் வேண்டா.

செய்யத்தக்கவை

1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்பார், தலைப்புறம் உயர்ந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறக் கிடந்த நோயாளியின் கால்வலி நீங்கக் கண்டார். அதிலிருந்து பிறந்த பயிற்சி எளியது. பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்த வேண்டும். கால்வலி இடுப்பை நோக்கி ஏறிச் சுருங்கினால் நற்குறி. காலில் மேலும் இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். முதன்முறை பயிற்றுநர் முன்னிலையில் கற்பதே சிறந்தது. நாள்தோறும் நடத்தலும் நன்று. நாட்கணக்கில் படுத்தே கிடத்தல் தீது. கூடையைத் தூக்குகையில் முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குக. பெருங்கூடையை இருவர் தூக்குக.

சிறுநீர், மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் உணர்வின்மை, கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஊராரின் கடமை

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவம் வீடு தேடி வருவதற்கு வழி உண்டு. நோயுற்றோரின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவிக்கும் பொறுப்பை ஊராட்சி அங்கத்தினர் ஏற்கலாம். நோயுற்றவரின் பாட்டை மற்றொருவர் ஏற்று, அவர் நலமுற்றபின் திருப்பிக்கொள்ள ஊர்ப் பெரியோர் இசைவாராயின், அதுவும் ஒரு மருந்தாகும். முறை தவறிவிடும் என்ற அச்சம் நீங்கினால்தான் முதுகுக்கு ஓய்வும் பயிற்சியும் கிட்டும்.