டெபியனுக்குள் நுழைய என்ன வழி?

கேள்வி: எங்கள் சர்வர் மென்பொருளை ஒரே ஸ்கிரிப்டில் நிறுவிவிடலாம். பிறகு டெபியன் தொகுப்பு எதற்கு?
– வாசகர், அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: நிறுவுவது சுலபம். சுவடில்லாமல் நீக்குவதும், பழைய அமைப்பைக் கெடுக்காமல் புதுப்பிப்பதும்தான் கஷ்டம். லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் விதிப்படி அமைப்புக் கோப்புகள் 'ஈடிசி' அடைவிலும், மாறிக்கொண்டிருக்கும் தரவு 'வார்' அடைவிலும் இருக்க வேண்டும். நிர்வாகி தன் கையால் திருத்திய அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பு கேட்காமல் அழிக்கக் கூடாது. நள்ளிரவில் சர்வரைப் புதுப்பிப்பவர்கள் இந்த ஒரு விதிக்காகவே டெபியனைக் கும்பிடுவார்கள்.

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. தொகுப்பு உருவாகும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது; மென்பொருள் சார்ந்திருக்கும் நூலகங்களும் டெபியனுக்குள் இருந்தாக வேண்டும். கேரளத்தைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் பிரவீண் அரிம்பிரத்தொடியிலும் தோழர்களும் நிரல் மேலாண்மை மென்பொருளான கிட்லாபைத் தொகுக்க இறங்கியபோது, அதற்குத் தேவைப்பட்ட ரூபி நிரல்மொழி நூலகங்களை ஒவ்வொன்றாகத் தொகுக்க வேண்டியிருந்தது. மென்பொருள் ஒன்றுதான், வேலையோ மலையளவு!

ஆள் துணை தொலைவில் இல்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக மாநாடான டெப்கான்ஃப்.

தொகுப்பைக் கட்டியதும் 'லிண்டியன்' கருவியை ஓட்டினால் விதிமீறல்களை வரிசையாகக் காட்டும். அவற்றைச் சரிசெய்தபின், பதிவேற்றும் உரிமையுள்ள உருவாக்குநர் ஒருவர் பார்த்து ஏற்றித் தர வேண்டும்.