குடும்பங்களின் மருத்துவச் செலவைக் கணக்கெடுப்பது எப்படி?

வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால் மருந்துக்குப் பணம் வேண்டும். மருத்துவமனைக்குச் செல்ல வண்டி வேண்டும். உடன் செல்பவரின் ஒரு நாள் கூலியும் போய்விடும். இது தோட்டத்து மக்கள் நன்கறிந்த உண்மை. ஆனால், நாடு முழுவதும் உள்ள குடும்பங்கள் மருத்துவத்திற்காகத் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதை அரசாங்கம் எவ்வாறு அறிந்துகொள்கிறது?

அரசாங்க மருத்துவமனைகளின் செலவு வரவு செலவுத் திட்டத்தில் பதிவாகிறது. ஆனால், மருந்துக் கடையில் ஒருவர் கொடுத்த பத்து வெள்ளியும், பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் கொடுத்த அறுபது வெள்ளியும் எந்தக் குடும்பத்தின் சுமை என்று காட்டும் ஏடு எந்த அலுவலகத்திலும் இல்லை. அவற்றைக் குடும்பங்களிடமே கேட்டறிய வேண்டும்.

இத்தொகை சிறிதன்று. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களின் வெளிநோயாளர் சிகிச்சைக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அவ்வாறிருந்தும், 2010-களில் மலேசியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பணமாகவே இருந்தது.

இரு வகைக் கணக்கெடுப்புகள்

நம் நாட்டில் இதற்குப் பயன்படும் கணக்கெடுப்புகள் இரண்டு. முதலாவது, புள்ளிவிவர இலாகா நடத்தும் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பு. உணவு, உடை, வாடகை, போக்குவரத்து, சுகாதாரம் என எல்லாச் செலவுகளையும் இது வகைப்படுத்துகிறது. விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கணக்கிடவும் இதுவே அடிப்படை.

இரண்டாவது, சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார, நோய் நிலை ஆய்வு. இது முதன்முதலாக 1986-87-ஆம் ஆண்டுகளில் நடந்தது. பின்னர் 1996, 2006, 2011, 2015, 2019 ஆகிய ஆண்டுகளிலும் நடைபெற்றது. யாருக்கு என்ன நோய், சிகிச்சைக்கு எங்கே சென்றார், எவ்வளவு கொடுத்தார் என்பனவற்றை இது ஆராய்கிறது. முன்னது செலவின் அளவைக் காட்டும்; பின்னது செலவின் காரணத்தைக் காட்டும்.

வீடுகளைத் தேர்ந்தெடுத்தல்

நாட்டிலுள்ள எல்லா வீடுகளையும் கேட்பது இயலாது, கேட்க வேண்டியதுமில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், சோறு பதம் பார்ப்பவர் பானையை நன்கு கிளறிய பின்னரே ஒரு பருக்கையை எடுக்க வேண்டும். மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் அடியில் உள்ளது தெரியாது.

கணக்கெடுப்பிலும் அவ்வாறே. நாடு முழுவதும் சிறு சிறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வட்டத்திலும் ஏறத்தாழ 80 முதல் 120 வீடுகள் இருக்கும். மாநிலவாரியாகவும், நகர்ப்புறம் நாட்டுப்புறம் எனவும் வகுத்துக்கொண்டு, முதலில் வட்டங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பர். அடுத்து அவ்வட்டங்களுக்குள் வீடுகளைத் தேர்ந்தெடுப்பர். 2015-ஆம் ஆண்டு ஆய்வில் 869 வட்டங்கள் தெரிவாயின. வட்டத்திற்கு 12 வீடுகள் வீதம் மொத்தம் 10,428 வீடுகள். நாட்டின் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், தெரிவான ஒவ்வொரு வீடும் 600-க்கும் மேற்பட்ட வீடுகளின் சார்பாகப் பதில் சொல்கிறது.

ஆகவே, தெரிவான வீடு பூட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டுப் போவது முறையாகாது. காலையில் பால்வெட்டச் சென்றிருப்போரின் வீட்டிற்குக் கணக்கெடுப்பாளர் மாலையில் மீண்டும் வர வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டுமே கேட்டால், உழைக்கும் மக்களின் நிலை கணக்கில் குறைந்துவிடும்.

குடும்பம் என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. ஒரே இடத்தில் வாழ்ந்து, உணவுக்கும் பிற தேவைகளுக்கும் பொதுவாகச் செலவிடுபவர் அனைவரும் ஒரு குடும்பம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை.

எத்தனை நாள்களுக்குரிய செலவைக் கேட்பது?

மனித நினைவு நீண்ட நாள் நிற்பதில்லை. ஆறு மாதத்திற்கு முன் வாங்கிய இருமல் மருந்தின் விலையை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆனால், மருத்துவமனையில் படுத்திருந்த நாள்களை ஒருவர் எளிதில் மறப்பதில்லை. எனவே, வெளிநோயாளர் சிகிச்சைக்குக் கடந்த இரண்டு வாரங்களையும், மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சைக்குக் கடந்த 12 மாதங்களையும் கேட்பது வழக்கம். செலவினக் கணக்கெடுப்பிலோ, அன்றாடச் செலவை அன்றன்றே எழுதி வைக்கக் குறிப்பேடு கொடுக்கப்படுகிறது.

செலவினக் கணக்கெடுப்பை ஆண்டு முழுவதும் பரப்பி நடத்துவதற்கும் காரணம் உண்டு. தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழை மிகுந்தால் வெட்டு நிற்கும். தீபாவளிக்கும் பள்ளி திறப்பிற்கும் செலவு கூடும். ஒரு மாதத்தை மட்டும் பார்த்து ஓராண்டை அளக்க முடியாது.

கேட்கும் முறையும் முக்கியமானது. "மருத்துவத்திற்கு எவ்வளவு செலவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், பெரிய செலவுகள் மட்டுமே நினைவுக்கு வரும். மருத்துவர் கட்டணம், மருந்து, இரத்தப் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, நாட்டு மருந்து என்று பிரித்துக் கேட்டால் மறந்தவையும் வெளிவரும்.

எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தாய் காய்ச்சல் கண்ட குழந்தையைப் பட்டணத்திற்கு அழைத்துச் செல்கிறார். வாடகைக் காருக்கு 30 வெள்ளி. தனியார் கிளினிக்கில் 60 வெள்ளி. மருந்துக் கடையில் 10 வெள்ளி. அன்றைய கூலியும் இல்லை. இவற்றுள் மருத்துவச் செலவு 70 வெள்ளி. வண்டிச் செலவு தனியே குறிக்கப்பட வேண்டும். இழந்த கூலி உண்மையான இழப்பே என்றாலும், அது கொடுத்த பணமன்று. அதனை மருத்துவச் செலவோடு கலக்கக் கூடாது.

தோட்டத்து டிரஸ்ஸர் இலவசமாகக் கொடுத்த மருந்து முதலாளியின் செலவில் சேரும். தோட்ட நிர்வாகமோ காப்புறுதியோ திருப்பிக் கொடுத்த தொகையையும் குடும்பக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இல்லையேல் ஒரே பணம் இருமுறை எண்ணப்படும்.

சுழியமும் சராசரியும்

செலவு இல்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒரு வீட்டில் நோய் இல்லை. ஆகவே செலவு இல்லை. மற்றொரு வீட்டில் நோய் உண்டு. பணமோ வண்டியோ இல்லாமையால் சிகிச்சைக்குப் போகவில்லை. ஆகவே செலவு இல்லை. ஏட்டில் இரண்டும் சுழியமே. செலவை மட்டும் கேட்டால், துன்புறும் வீடு நலமான வீடாகத் தோன்றிவிடும். இதனாலேயே, நோய் கண்டதா, சிகிச்சை நாடினீர்களா, இல்லையெனில் ஏன் என்ற கேள்விகளும் கேட்கப்படுகின்றன.

சராசரியும் நம்மை ஏமாற்றும். பத்துக் குடும்பங்களில் ஒன்பது தலைக்கு 10 வெள்ளி வீதமும், ஒன்று 1,000 வெள்ளியும் செலவிட்டால் சராசரி 109 வெள்ளி. அந்த எண் பத்தில் எந்தக் குடும்பத்தின் நிலையையும் காட்டவில்லை. எனவே, குடும்பத்தின் மொத்தச் செலவில் மருத்துவம் எத்தனை பங்கு என்பதையும் பார்க்கின்றனர். உலக நாடுகள் 2015-ஆம் ஆண்டில் ஏற்ற வளர்ச்சி இலக்குகளுக்காக முதலில் வகுத்த அளவுகோல்கள் 10 விழுக்காடும் 25 விழுக்காடும் ஆகும். மாதம் 2,000 வெள்ளி செலவிடும் குடும்பத்திற்கு ஓராண்டுச் செலவு 24,000 வெள்ளி. மருத்துவத்திற்கு 2,400 வெள்ளிக்கு மேல் போனால் அக்குடும்பம் முதல் எல்லையைத் தாண்டிவிட்டது எனலாம்.

நாம் செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பாளர் வந்தால் முதலில் அவருடைய அதிகார அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். புள்ளிவிவர இலாகாவிடம் தனிப்பட்டவர் தரும் விவரங்களை 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம் காக்கிறது. பெயரோடு சேர்த்து அவை வெளியிடப்படுவதில்லை. மருந்துச் சீட்டுகளையும் இரசீதுகளையும் ஓர் உறையில் போட்டு வைத்தால் பதில் சொல்வது எளிதாகும்.

மானக்கேடு என்று எண்ணிச் செலவை மறைக்கவும் வேண்டாம்; உதவி கிடைக்கும் என்று எண்ணிக் கூட்டவும் வேண்டாம். கிளினிக் தொலைவில் இருப்பதால் போகவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். மருந்து வாங்கப் பணமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கிளினிக் எங்கே வேண்டும், எந்த மருந்துச் செலவு ஏழையை அழுத்துகிறது என்பன இத்தகைய விடைகளிலிருந்தே தெரியவரும். உங்கள் வீடு தெரிவானால், தெரிவாகாத 600 வீடுகளும் உங்கள் வாயிலாகவே பேசுகின்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.